பதின்மூன்றாவது பெயர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒரு புதன்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிற நேரத்தில், எங்கள் தி. நகர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரியான ஜொவிட்டா சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "நீதான் கதையெல்லாம் எழுதுவியே பரத், இதை எழுதிக் குடு. சனிக்கிழமைக்குள்ள வேணும்" என்றாள். எந்தப் பத்திரிகையும் எனக்கு இவ்வளவு குறுகிய கெடு வைத்ததில்லை. எந்தப் பத்திரிகையும் என்னிடம் கதை கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

கதையில் இறந்துபோனவர் ஒருவர் இருக்கிறார். பெயர் லியோனார்ட். அவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு இடம் கிடைக்காது. தபால் இலாகாவில் வேலை. மழையோ வெயிலோ, கையில் ஒரு கறுப்புக் குடை. சைதாப்பேட்டையில் பஸ் வந்ததும் முதல் ஆளாக ஓடி ஏறி ஜன்னலோரம் இடம் பிடிப்பார். அடுத்த நிறுத்தத்தில் யாராவது ஏறினால் எழுந்து அவருக்குக் கொடுத்துவிட்டு, அடையாறு வரைக்கும் நின்றுகொண்டே மெல்லச் சீட்டியடித்தபடி வருவார். "அப்புறம் எதுக்கு அப்பிடி ஓடி எடம் புடிக்கிறீங்க?" என்று மனைவி வெரோனிகா கேட்டால், "குடுக்கிறதுக்கு ஒரு எடம் வேணாமா?" என்பாராம்.

இன்னொரு விதி. இந்தக் கதையின் கொள்ளளவு ஏழு பகுதிகள். எட்டாவது ஒன்று வந்தால் முதலாவது விழுந்துவிடும். ஏன் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.

2

தொடங்கிப் பார்த்தவை:

"ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிப் பூசைக்கு மணி அடித்தபோது, தான் உயிரோடு இருப்பதாகவே ரொனால்ட் நம்பிக்கொண்டிருந்தார்."

இதை என் மனைவி ஜானுவிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "நன்னாத்தான் இருக்கு. ஆனா இது அந்த ரொனால்டுக்கு வலிக்கறதா? இல்லையோன்னோ? யாருக்கு வலிக்கறதோ அவாட்டேர்ந்து ஆரம்பி" என்றாள்.

"அடையாற்றுக் காற்றில் உப்பின் வாசனை மிதந்து வர, வெரோனிகா டீச்சர் மெல்லத் தன் வலது காதைத்..." (உப்புக்கு ஏது வாசனை? விட்டுவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கம். இதை வைத்துக்கொள்வோம்:

வெரோனிகா டீச்சர் முப்பத்தோரு வருஷம் இரண்டாம் வகுப்பு எடுத்தவர். பள்ளிக்கூடம் பஸ் போகும் சாலையை ஒட்டி இருந்ததால், பிள்ளைகள் சொல்லும் பதில் பாதி நேரம் காதில் விழாது. உதட்டைப் பார்த்தே சரி, தப்பு சொல்லப் பழகிவிட்டார். கடைசி பெஞ்சில் யார் எதை முணுமுணுத்தாலும் தப்பாது. அந்தக் கடைசி பெஞ்சில் ஒரு காலத்தில் ஜொவிட்டாவும் இருந்தாள். பள்ளிக்கூடம் தவிர டீச்சருக்கு இருந்தது பங்குக் கோயிலின் பாடகர் குழு. லியோனார்ட் போன பிறகு அது மட்டும்தான் இருந்தது. வியாழன் மாலை பாட்டுப் பயிற்சி, ஞாயிறு காலைப் பூசை. மற்ற நாளெல்லாம் வீட்டில் அவரும் குடையும்.

3

இந்தப் பகுதி கொஞ்சம் வகுப்பு எடுப்பதுபோல் இருக்கும். தூக்கம் வந்தால் தூங்குங்கள், எனக்கும் வந்தது.

தி. நகரில் ஒரு புடவைக் கடைக்கு நாங்கள் செயலி எழுதிக் கொடுத்தோம். வாடிக்கையாளர் கடைசியாகப் பார்த்த பன்னிரண்டு புடவைகளை அது நினைவில் வைத்திருக்கும். பதின்மூன்றாவதைப் பார்த்தால், முதலில் பார்த்தது பட்டியலிலிருந்து விழுந்துவிடும். இதில் யாருக்கும் வருத்தமில்லை, விழுந்த புடவைக்கும் இல்லை. அளவு கட்டிய பட்டியல் எதுவானாலும், நிரம்பிய பிறகு ஒன்று வந்து நின்றால் மூன்றே வழிதான்: வந்ததைத் திருப்பி அனுப்பலாம், வாசலில் காக்க வைக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் பழையதை வெளியே தள்ளலாம். காலை எட்டரைக்கு மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறியவர்களுக்கு நான்காவது வழியும் தெரியும். கணினிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

பட்டியல் சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க இன்னொரு குட்டி நிரல் எழுதுவோம். அதற்கு யூனிட் டெஸ்ட் என்று பெயர். மூன்று வரியில் அடங்கிவிடும்: ஏற்பாடு, செயல், எதிர்பார்ப்பு. பன்னிரண்டு பொருளைப் போடு. பதின்மூன்றாவதைப் போடு. எண்ணிக்கை இன்னும் பன்னிரண்டா? ஆமாம் என்றால் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. பச்சையைக் கண்டதும் எங்கள் தொழிலில் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவோம். எதிர்பார்ப்பு வரியை எழுதுகிறவர் ஒரு மனிதர்தான் என்பதும், அவர் தப்பாக எதிர்பார்த்தால் தப்பும் பச்சையாகத்தான் தெரியும் என்பதும் டீ குடிக்கும்போது ஞாபகம் வராது.

இனி கோயில். அடையாறு பக்கத்தில் டீச்சரும் ஜொவிட்டாவும் போகிற பங்கு, பெயர் வேண்டாம். ஞாயிறு பூசைக்கு முன்னால் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அவர்களுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக அந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படும். வீட்டார் முன்கூட்டியே பெயர் கொடுத்துவைக்க வேண்டும். பட்டியல் அனுமார் வால்போல நீண்டுகொண்டே போனது. (கோயிலில் அனுமார் வாலா என்று கேட்காதீர்கள். எழுதுகிறவன் மேற்கு மாம்பலம்.) பங்குத்தந்தை ஒரு நாள், ஒரு பூசைக்குப் பன்னிரண்டு பெயர்தான் என்று முடிவு செய்தார். இயேசுவின் சீடர்களின் எண்ணிக்கை அது, அவருக்கு ஏன் பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. போனிலேயே பெயர் பதிய ஒரு வழி செய்து தரும்படி ஜொவிட்டாவைக் கேட்டார்.

ஜொவிட்டா புடவைப் பட்டியலை எடுத்தாள். "புடவை" என்று இருந்த இடத்தில் எல்லாம் "பெயர்" என்று மாற்றினாள். பழைய டெஸ்டை ஓட்டினாள். பச்சை.

4

சனிக்கிழமை மதியம். மறுநாளுக்கான பட்டியலில் பன்னிரண்டு பெயரும் நிரம்பியிருந்தன. முதல் பெயர் லியோனார்ட். மறுநாள் அவருடைய முதலாமாண்டு நினைவு நாள். போன் பதிவு தொடங்கிய அன்றைக்கே, நான்கு மாதம் முன்னால், டீச்சர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்து இடம் பிடித்திருந்தார்.

நிரம்பிய பட்டியல் இன்னொரு பெயரைத் திருப்பி அனுப்புகிறதா என்று ஜொவிட்டாவுக்குப் பார்க்கத் தோன்றியது. இதற்கென்று தனியாக ஒரு வெற்றுப் பட்டியலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு இறக்கியாகிவிட்டது, பசி. உண்மைப் பட்டியலிலேயே பதின்மூன்றாவது பெயரைப் போட்டாள். இந்த மாதிரிச் சமயங்களில் நாங்கள் கண்ணில் பட்டதை அடிப்போம். அவள் கண்ணில் பட்டவர் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் அப்பா. ரொனால்ட் என்று அடித்து, வீட்டு விலாசத்தையும் போட்டாள். எண்ணிக்கையைப் பார்த்தாள். பன்னிரண்டு. பெயர் சேரவில்லை, எல்லாம் சரி என்று சாப்பிட உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு பேர் இருக்கிறார்களா என்று பார்த்தாள். எந்தப் பன்னிரண்டு பேர் என்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை பெயர்களை வாசித்தார்கள். கடைசிப் பெயராக ரொனால்ட் வந்தது. மூன்றாவது பெஞ்சில் இருந்த ரொனால்ட் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். வீட்டு விலாசமும் சேர்த்து வாசிக்கப்பட்டதால் வேறு ரொனால்டாக இருக்கவும் வழியில்லை. பூசை முடிந்ததும் வாசலில் ஆளுக்கு ஆள் கை கொடுத்தார்கள்.

"இன்னா நைனா, சொல்லாம கொள்ளாம பூட்ட?"

"அடக்கத்துக்கு ஒரு வார்த்த கூப்புடல பாரு மாமா நீ!"

"எனக்கே இப்பதான்பா தெரியும்" என்றார் ரொனால்ட். "ஆனா ஒண்ணு, கொஞ்சம்கூட வலிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். ஜொவிட்டா சிரிக்கவில்லை. ஒன்று உள்ளே வந்திருக்கிறது, அப்படியென்றால் ஒன்று வெளியே போயிருக்கிறது. பெயர் வாசிக்கும்போது பாடகர் குழுவில் வெரோனிகா டீச்சர் தலையைச் சாய்த்து வலது காதை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பியதை அவள் பார்த்திருந்தாள். வருகைப் பாடல் தொடங்கியபோது டீச்சரின் உதடு அசையவில்லை.

5

டீச்சர் அவளை ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் பிடித்தார்.

"ஜொவி, இங்க வா. லியோ பேரைத்தான மொதல்ல வாசிச்சாங்க?"

"ஆமா டீச்சர். வாசிச்சாங்க."

"அதானே பாத்தேன்." டீச்சரின் முகம் தெளிந்தது. "மைக் கரகரன்னுச்சா, எனக்கு ரெண்டாவது பேர்லேர்ந்துதான் கேட்டுச்சு. காது போயிருச்சு கண்ணு. வயசாச்சு இல்ல? பரவால்ல, அவர் பேரை வாசிச்சாங்கல்ல, அது போதும்."

இந்த இடத்தில் எனக்கு ஜொவிட்டா மேல் நம்பிக்கை வரவில்லை. அலுவலகத்தில் ஒரு காற்புள்ளி தவறினால்கூட நாலு பேருக்கு மின்னஞ்சல் போட்டு ஒப்புக்கொள்கிறவள் இவள். இவளா இப்படிப் பொய் சொல்வாள்? பாத்திரம் உடைகிறதே என்று அவளிடமே கேட்டேன்.

"நான் எங்கடா சொன்னேன், வாய் சொல்லிடுச்சு. நினைவு நாள் அன்னிக்கு அந்த மூஞ்சியப் பாத்து, வாசிக்கலன்னு நீ சொல்லுவியா?"

சொல்ல மாட்டேன். பாத்திரம் சரிதான், உடைந்தது என் கணக்கு.

அடுத்த வியாழன் டீச்சர் பயிற்சிக்கு வரவில்லை. சுருதி விலகினால் தன் காதுக்கே தெரியாது, மற்றவர்கள் பாட்டையும் கெடுக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். ஞாயிறன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்காமல் பூசை கண்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தி. நகரில் காது சோதனை. கூட வரும்படி ஜொவிட்டாவைத்தான் கேட்டார். அதனால்தான் எனக்குச் சனிக்கிழமைக் கெடு.

விஷயம் இவ்வளவுதான். டீச்சருக்குக் காது கேட்கிறது என்றால் லியோனார்டின் பெயரை வாசிக்கவில்லை. வாசித்தார்கள் என்றால் காது போய்விட்டது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். டீச்சர் தன் காதைக் கொடுத்து அவர் பெயரை வைத்துக்கொண்டார். கதாசிரியன் இதையெல்லாம் சொல்லக்கூடாது என்பார்கள், சொல்லட்டும்.

"அடுத்த வாரம் அவர் பேரை வாசிக்கச் சொல்லிடலாமே?" என்று கேட்டேன்.

"வாசிக்கலாம். ஆனா அன்னிக்கு அவர் செத்த நாள் இல்லியே" என்றாள்.

6

வெள்ளிக்கிழமை மதியம் எழுத உட்கார்ந்து, மேசைமேல் தலைவைத்துத் தூங்கிப்போனேன். கனவை எழுதுவது சோம்பேறி எழுத்தாளனின் வேலை. ஆனால் வந்ததை என்ன செய்வது?

தி. நகர் புடவைக் கடை. வெள்ளை மெத்தைமேல் வரிசையாகப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் இறந்தவர்கள், யாருக்கும் அவசரமில்லை. காற்றாடி மெதுவாகச் சுற்றுகிறது. கடைக்காரர் ஒவ்வொரு பெயராக விரித்துக் காட்டுகிறார். பெயர்களுக்குச் சரிகைக் கரை இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே உஸ்மான் சாலை இருக்க வேண்டிய இடத்தில் பெசன்ட் நகர் கடல். ஊரூர்க் குப்பத்துப் படகு ஒன்று கடை வாசல்வரை வந்து முட்டி நிற்கிறது.

படகிலிருந்து ரொனால்ட் இறங்குகிறார். கையில் அன்றைய பேப்பர். "இங்க எடம் கீதா?" என்று கேட்கிறார். கடைக்காரர் எண்ணிப் பார்க்கிறார். நான் கத்துகிறேன்: "அவரை வெளியே அனுப்புங்க, அவர் இன்னும் சாகலை!" கனவில் கத்தினால் எப்படி வரும், அப்படித்தான் வந்தது.

முதல் ஆளாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். "நீங்க உக்காருங்க" என்றார் ரொனால்டிடம். "நான் நின்னே வந்துக்கிறேன், பழக்கம்தான்." குடையை எடுத்துக்கொண்டு, மெல்லச் சீட்டியடித்தபடி தண்ணீரை நோக்கி நடந்தார். யாரும் அவரைத் தள்ளவில்லை.

விழித்தபோது கன்னத்தில் விசைப்பலகையின் அச்சு. திரையில் என் கதை நின்ற இடத்தில் பக்கம் முழுக்க ஒரே எழுத்து.

(இந்தக் கனவை வைத்து ஜொவிட்டாவின் தப்பை மன்னித்துவிடப் பார்க்கிறேனோ என்று எனக்கே சந்தேகம். அவராக எழுந்து கொடுப்பது வேறு, அவரைக் கேட்காமல் எழுப்பிவிடுவது வேறு.)

7

முடிவுகளை டெஸ்ட் மாதிரியே எழுதிப் பார்த்தேன். ஏற்பாடு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: சனிக்கிழமை காலை, ஆட்டோவில் டீச்சரும் ஜொவிட்டாவும். செயலும் ஒன்றுதான்: ஜொவிட்டா உண்மையைச் சொல்கிறாள்.

முதல் முடிவில் டீச்சர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி நந்தனத்திலேயே இறங்கிவிடுகிறார். திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். இது நடக்கக்கூடியது. ஆனால் எழுதியதும் எனக்கு டீச்சரைப் பிடிக்காமல் போயிற்று, அதனால் கைவிட்டேன்.

இரண்டாவதில் டீச்சர் சிரித்து, "போகட்டும் விடு கண்ணு, ஆண்டவருக்கு அவர் பேர் தெரியாதா?" என்கிறார். ஜானு இதைப் போனில் படித்துவிட்டு, "இப்படி டக்குனு மன்னிக்கறவாளை நீ எங்கயாவது பாத்திருக்கியா? ஏன் இந்த அம்மாவை ஒரேயடியா தேவதை ஆக்கறே?" என்றாள். அதுவும் போயிற்று.

மூன்றாவதில் செயலையே மாற்றினேன்: ஜொவிட்டா எதுவும் சொல்லவில்லை, காது சோதனையில் டீச்சருக்கு உண்மையாகவே செவிக் குறைவு இருப்பதாகத் தெரியவந்து, எல்லோரும்... (சீ. எழுதிய கை எனக்கே கூசுகிறது.)

வெள்ளி மாலை இவ்வளவையும் ஜொவிட்டாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"முடிவு எங்க?"

"எதிர்பார்ப்பு வரியை எழுத வரலை."

"டீச்சர் என்ன சொல்வாங்கன்னு தெரிஞ்சுக்கத்தானே உன்கிட்ட எழுதச் சொன்னேன்?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீயும் எண்ணிக்கைதான் பாத்திருக்க. மூணு முடிவு இருக்கு. உள்ள யார் இருக்காங்க?"

அவள் தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோயில் பட்டியலைத் திருத்தி, அதற்குப் புதிய டெஸ்ட் எழுதியிருந்தாள். பன்னிரண்டு பெயரைப் போடு, பதின்மூன்றாவதைப் போடு, அது திரும்பி வர வேண்டும். அதற்கும் கீழே ஒரு வரி: முதல் பெயர் இன்னும் லியோனார்ட்தானா? ஓட்டினாள். பச்சை. நிரலில் எங்கே கை வைத்தாலும் இது தானாக ஓடும், ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அவர் பெயர் சரிபார்க்கப்படும் என்றாள். டீ குடிக்க அவளும் எழவில்லை, நானும் எழவில்லை.

8

மன்னிக்கவும். ஏழோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் திங்கட்கிழமை காலை ஜொவிட்டா வந்து இதைச் சொன்னாள்.

ஆட்டோவில் போகும்போது அவளால் சொல்ல முடியவில்லை. சோதனைக்கூடத்தில் டீச்சரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். சத்தம் எவ்வளவு மெல்லியதாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும். வெளியே சோதிக்கிற பெண் படிவத்தில் வயதையும் விலாசத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே டீச்சர் பொத்தானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஜொவிட்டா கண்ணாடிக்குக் கிட்டே போனாள். அந்த அறைக்குள் ஒரு சத்தமும் போகாது. அந்தத் தைரியத்தில், தொண்டையைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

"டீச்சர், அன்னிக்கு அங்கிள் பேரை வாசிக்கல. நான்தான் தள்ளிட்டேன். உங்க காதுல ஒண்ணும் இல்ல."

டீச்சர் பொத்தானை அழுத்தினார்.

சோதிக்கிற பெண் நிமிர்ந்தாள். "என்ன மேடம் இவங்க, நான் இன்னும் சவுண்டே வைக்கலியே" என்றாள்.

டீச்சரின் அந்தப் பழைய உதட்டுப் பழக்கத்தை ஜொவிட்டா மறந்திருந்தாளா, தெரிந்தே செய்தாளா என்று நான் கேட்கவில்லை. கதவு திறந்ததும் டீச்சர் என்ன சொன்னார் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். மூன்று தடவை தப்பாக எதிர்பார்த்தவன் நான். அந்த வரியை நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் உள்ளே யார் இருக்கிறார் என்று மட்டும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எட்டாவது வந்தாயிற்று. விதிப்படி முதல் பகுதி இப்போது விழுகிறது. என் ஒப்புதல், புதன்கிழமை, கெடு, எல்லாம் போகட்டும். கூடவே ஒருவர் போகிறார். அவர் பெயர் மற்றப் பகுதிகளிலும் உண்டு, ஆனால் கனவில் வந்தவர் நான் செய்துகொண்டவர். உண்மையான ஆள் முதல் பகுதியில் மட்டும்தான் இருந்தார்.

மேலே போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள். பஸ்ஸில் ஓடிப்போய் ஜன்னலோரம் இடம் பிடித்து, அதை அடுத்த நிறுத்தத்தில் ஏறியவருக்குக் கொடுத்தாரே, அவர் பெயர் என்ன?

மனசுக்குள் சொல்ல வேண்டாம், வாசிக்கிற மாதிரிச் சொல்லுங்கள். டீச்சருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. இருந்தாலும் கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள்.